ஓ, ஆய், ஆ

லிப்ட்காரர் இத்தாலிய மொழி வகுப்பில் சேர்ந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக மனைவிக்குத் தெரியக் கூடாது. அவளை அசத்த வேண்டும் என்பதுதான் திட்டமே.

உயரமான கட்டடங்களின் லிப்ட்களைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. கயிற்றுக்கு எண்ணெய் காட்டுவது, கதவு சரியாக மூடாவிட்டால் சரிபார்ப்பது, நடுவழியில் நின்று போனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெளியே எடுப்பது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் 'லிப்ட்காரர் வந்துட்டாரு' என்பார்கள். அவருக்கென்று ஒரு பேர் இருப்பதை வங்கிக்காரர்களும் மனைவியும்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். அதிலும் மனைவி ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை.

மனைவி இத்தாலியில் இருந்தாள். ஒரு வயசாளி வீட்டில் தங்கி அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. மகன் படிப்புக்காகப் போனாள். மகன் படித்தான், முடித்தான், வேறொரு ஊரில் வேலைக்கும் போய்விட்டான். அவள் மட்டும் திரும்பவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு போனிலும் "எப்போ வர்றே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கேள்வி எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அதன் இடத்தில் "அங்க குளிரா?" வந்து உட்கார்ந்துகொண்டது.

மகன் வாரக் கடைசியில் கூப்பிடுவான். "என்னப்பா, நல்லா இருக்கீங்களா?" என்பான். "சரிப்பா, வைக்கட்டுமா?" என்பான். இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் லைட்டைப் போடுவது அவர், அணைப்பதும் அவர். நாற்காலி காலையில் எப்படிச் சாய்ந்து இருந்ததோ அப்படியே சாய்ந்திருக்கும். சாயங்காலம் மனைவி போனில் முகம் காட்டுவாள். அங்கே அப்போது மதியம். அந்தத் தாத்தா சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். அந்த ஒரு மணி நேரந்தான் அவளுக்கு ஓய்வு.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து தாத்தா ஏதோ சொன்னார். அவள் திரும்பிப் பார்த்து அந்த மொழியிலேயே சட்டென்று ஒரு பதில் கொடுத்தாள். தாத்தா இன்னும் ஏதோ சொல்ல, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்திருக்கிறார். அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்ன சொன்னாரு?" என்று இவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அது ஒண்ணுமில்லைங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் 'புரியாது' அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றுவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்குகிற முள் இல்லை அது. அடுத்த வாரம் போய் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு ஒரு தையல் கடைக்கு மேலே நடந்தது. கீழே மெஷின்கள் ஓடுவது தரை வழியாகக் காலில் தெரியும். டீச்சர் சின்ன வயசுப் பெண். உல்லாசக் கப்பலில் வேலை பார்த்து அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு வந்தவள். மாணவர்களில் பாதிப் பேர் கல்யாணம் நிச்சயமான இளஞ்சோடிகள். கையைக் கோத்துக்கொண்டேதான் பாடம் எழுதுவார்கள். மீதிப் பேர் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக இருந்தவர்கள். இரண்டிலும் சேராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் லிப்ட்காரர். இன்னொருவர் அடர்ந்த மீசை வைத்த ஒரு பல் டாக்டர். 'சாயங்காலம் கிளினிக்ல ஈ ஓட்டறதுக்கு இங்க வந்து உக்காரலாம்னு வந்தேன்' என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

"கடையில தக்காளி வாங்கறது எப்படின்னு சொல்லிக் குடுத்தா நாளைக்கே மறந்துடுவீங்க" என்றாள் டீச்சர். "காதல் வசனமா சொல்லிக் குடுத்தா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீங்க. இதுதான் என் பாணி. முதல் வினைச்சொல், அவேரே."

அவேரே என்றால் 'என்னிடம் இருப்பது' என்று விளக்கினாள். நம் மொழியில் அதற்குத் தனியாக ஒரு சொல் கிடையாதாம். நமக்குப் பசிக்கும், குளிரும். பயமும் தூக்கமும் நமக்குத் தானாக வரும். அவர்களோ பசி, குளிர், பயம், தூக்கம் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார்களாம்.

"அப்போ பொண்டாட்டி?" என்றார் பல் டாக்டர்.

"அதுவும் அதே வினைச்சொல்தான் சார். ஓ மோல்யே. என்கிட்ட மனைவி இருக்கா."

"அதாவது, பொண்டாட்டியையும் வச்சிருக்காங்க" என்று டாக்டர் தலையாட்ட, சோடிகள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தன.

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு 'ஓ'. 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு 'ஆய்'. அதைப் பலகையில் எழுதியதும் டீச்சரே ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். 'அவனிடம், அவளிடம் இருக்கிறது' என்பதற்கு வெறும் 'ஆ'.

"நான் நாள் முழுக்க எல்லாரையும் 'ஆ' சொல்ல வைக்கிறவன். இதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றார் பல் டாக்டர்.

பிறகு வசனங்கள் வந்தன. சோடி சோடியாக உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். மிச்சம் விழுந்தது லிப்ட்காரரும் பல் டாக்டரும். வேறு வழியில்லை. லிப்ட்காரர் அந்த மீசையை நேருக்கு நேர் பார்த்து "ஆய் தெயி பெல்யி ஓக்கி" என்றார். உனக்கு அழகான கண்கள் இருக்கின்றன. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஓ பவூரா தி பெர்தெர்த்தி" என்றார். உன்னை இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இருந்த வசனங்களிலேயே லிப்ட்காரர் மனத்தில் போய் ஒட்டிக்கொண்டது வேறொன்று. 'ஓ பிஸோன்யோ தி தே.' எனக்கு நீ வேண்டும். நீ இல்லாமல் எனக்கு ஆகாது. "இதை வெளையாட்டுக்குச் சொல்லாதீங்க. உள்ளேயிருந்து வரணும்" என்று டீச்சர் சொன்னாள். டாக்டரைப் பார்த்து அதை உள்ளேயிருந்து வரவழைப்பது சிரமமாகத்தான் இருந்தது. லிப்ட்காரர் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் சொல்லிப் பார்த்தால் அந்த வெறும் சுவர்களுக்கு முன்னால் அவருக்கே கூச்சமாக இருந்தது. அதனால் வேலையிடத்தில் பழகினார். லிப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து, மெல்ல மேலே ஏறிக்கொண்டே, இருட்டைப் பார்த்து "ஓ... ஆய்... ஆ..." என்பார். அந்த நீளக் குழாய் மாதிரியான சுவருக்குள் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் மறந்துபோனார். ஒருநாள் மேல்மாடி அம்மா ஒருத்தி கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

"யாருப்பா உள்ள மாட்டிக்கிட்டது? ரொம்ப அடிபட்டுடுச்சா?"

"யாரும் மாட்டலைங்கம்மா. நான்தான், லிப்ட்காரர்."

"அப்புறம் ஏன் இப்படி முனகுறீங்க?"

"பல்வலிம்மா" என்று சொல்லி வைத்தார். நல்ல பல் டாக்டர் ஒருவரின் பேரை அந்த அம்மாள் சொல்ல, அதையும் கேட்டுக்கொண்டார்.

நாக்கு ஓரளவு படிந்துவிட்டது என்று நம்பிக்கை வந்த பிறகு, ஒரு சாயங்காலம் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். திரையில் மனைவி வந்தாள். வழக்கம்போல ஒரு குவியல் துணியை மடித்துக்கொண்டே பேசினாள். சாப்பிட்டாச்சா, மகன் பேசினானா, குழாய் ஒழுகினதைச் சரி பண்ணியாச்சா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவள் ஒரு போர்வையை உதறி, அது அவள் முகத்தை மறைத்த நேரத்தில், சட்டென்று தைரியம் வந்து சொல்லிவிட்டார்.

"ஓ பிஸோன்யோ தி தே."

போர்வை கீழே விழுந்தது. "அர்ரீவோ!" என்று குரல் கொடுத்துக்கொண்டே அவள் எழுந்து ஓடினாள். இதோ வர்றேன் என்று அர்த்தம்; அந்த அளவு அவருக்கும் தெரியும். போன் முன்னால் காலி நாற்காலி இருந்தது. உள்ளே எங்கேயோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்லா தூங்கிட்டுத்தான் இருக்காரு. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் லிப்ட்காரர்.

அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கும்போது அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க இதை?"

"கிளாஸ்ல. காதல் வசனம்னு சொல்லிக் குடுத்தாங்க."

"காதலா!" அவள் போர்வையை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ஏங்க, அவருக்குத் தண்ணி வேணும்னாலும் இதான். தலகாணி நகர்ந்தாலும் இதான். ஒண்ணுக்குப் போகணும்னாலும் இதான். பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாரு, எடுத்ததும் ஓ பிஸோன்யோ தி தே. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து இதைத்தாங்க கேக்குறேன். உங்க வாயிலேர்ந்தும் இதையே நான் கேக்கணுமா?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவளும் கொஞ்சம் இறங்கி வந்து, "கோவிச்சுக்காதீங்க. நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நிஜமாகவே குரல் வந்தது. "ஓ பிஸோன்யோ தி தே!" பல்லில்லாத வாய்தான், ஆனாலும் உச்சரிப்பு இவருடையதைவிட ஆயிரம் மடங்கு மேல். அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. துவைத்த சட்டையோடேயே படுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தமிழில் ஒருதடவைகூட அவளிடம் சொல்லாத ஒன்றை ஊரான் மொழியில் சொல்லப் போய், அதுவும் வேறொருத்தர் சொல்லிச் சொல்லித் தேய்த்த வார்த்தையாகப் போய்விட்டதே என்று இருந்தது. தமிழில் சொல்லிப் பார்த்தால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. மறுநாள் போனில் அதற்காக வாயைத் திறந்தவர், "வாஷிங் மெஷின்ல ஒரு மாதிரி சத்தம் வருது" என்று முடித்தார்.

வகுப்புக்கும் போகவில்லை. பல் டாக்டர் போன் செய்துவிட்டார்.

"என்ன சார், என்னை அம்போன்னு விட்டுட்டீங்களே! உங்க நாற்காலியைப் பாத்து உனக்கு அழகான கண்கள்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். சோடிங்க எல்லாம் என்னைப் பாத்துப் பரிதாபப்படுது."

லிப்ட்காரர் நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் டாக்டர் வெகுநேரம் சிரிக்காமல் இருந்தார். அதுவே பெரிய மரியாதை.

"சரி விடுங்க. வேற வசனமா இல்லை? தூக்கம் வருதான்னு ஒண்ணு இருக்கே, அதை எடுத்து விடுங்க. அவன் ஆய் ஸோன்னோன்னு கேப்பான். அவ, இல்லை, உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்குன்னு சொல்லுவா. நல்ல கட்டம் சார் அது."

அந்த வசனத்தின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சில நாள் கழித்து அவள் போனில் வந்தபோது, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, பேச்சுக்கு நடுவில் இமை தானாக இறங்கி இறங்கி ஏறுவதைப் பார்த்தார். இதற்கு முன்பும் இறங்கியிருக்கும். அவர் தன் வாஷிங் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்பார். நாள் முழுக்க அந்தத் தாத்தாவிடம் 'பசிக்குதா, குளிருதா, தூக்கம் வருதா' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவள் இவள். இவளை யார் கேட்பார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆய் ஸோன்னோ?" என்றார்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்த பதில் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஸீ" என்று ஆமாம் போட்டாள், குழந்தை மாதிரி. "ஓ ஸோன்னோ. ரொம்பங்க."

"தூங்கேன்."

"போனை வச்சிட்டு..."

"வைக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அங்கே இருக்கிற ஒருத்தியை இங்கே இருந்துகொண்டு என்ன பார்த்துக்கொள்ள முடியும் என்று அவள் கேட்கவில்லை. போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மேஜைமேல் கையை மடித்துத் தலையை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். திரையில் அவளுடைய வகிடும் ஒரு பக்கக் காதும் தெரிந்தன. வகிட்டோரம் நரைத்திருந்தது. அவர் ஆடாமல் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது. "ஓ பிஸோன்யோ தி தே!"

அவள் தோள் லேசாக அசைந்தது. லிப்ட்காரருக்குப் பதறிவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் போனை வாயருகே கொண்டுபோய்ச் சொல்லிவிட்டார். "ஆ ஸோன்னோ." அவளுக்குத் தூக்கம்.

உள்ளே கட்டில் அசையும் சத்தம். பிறகு தாத்தா சந்தேகத்தோடு ஏதோ கேட்டார். யார் நீ என்றுதான் கேட்டிருக்க வேண்டும். 'நான் அவளுடைய புருஷன்' என்று சொல்ல லிப்ட்காரருக்கு வழியில்லை. 'நான் இன்னார்' என்று சொல்கிற வினைச்சொல் அடுத்த பாடம். தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவரால் முடிந்தது இவ்வளவுதான்: "ஆ ஊன் மரீத்தோ." அவளிடம் ஒரு புருஷன் இருக்கிறான்.

தாத்தா "ஆ..." என்று இழுத்தார். அது அந்த ஆவா, நம்ம ஊர் ஆவா, தெரியவில்லை. அதன் பிறகு கூப்பிடவில்லை.

அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அவள் முகம் காட்டுவாள். இரண்டு வார்த்தை பேசுவார்கள். ஆய் ஸோன்னோ என்பார். அவள் தலையைச் சாய்ப்பாள். தாத்தா குரல் கொடுத்தால் இவர் பதில் கொடுப்பார். வகுப்பு நாட்களில் முன்பு பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடுவார்; இப்போது அது முடியாததால் வகுப்பை விட்டுவிட்டார். அடுத்த வினைச்சொல் நடந்து முடிந்து, அதற்கடுத்ததும் வந்துவிட்டதாக பல் டாக்டர் சொன்னார். லிப்ட்காரர் அந்த ஒன்றோடு நின்றுகொண்டார்.

ஒரு கணக்கில் பார்த்தால் முன்பைவிட நஷ்டம்தான். முன்பு ஒரு மணி நேரம் பேச்சாவது இருந்தது. இப்போது அவளிடம் பேச அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. சொல்ல நினைத்தவை அப்படி அப்படியே தேங்கின. பெரிய கட்டடத்தில் புது லிப்ட் வந்தது, மேல்மாடி அம்மாள் அவர் பல்லைப் பற்றி இன்னும் விசாரிப்பது, எதையும் சொல்லவில்லை. இந்த வருஷமும் வரப்போவதில்லை என்பதை அவளும் இரண்டு வார்த்தைக்குள் அடக்கிச் சொன்னாள். "தாத்தாவை இப்படி விட்டுட்டு எப்படிங்க..." சரி என்றார். அதற்குள் அவளுக்குக் கண் சொருகியது.

ஒரு சாயங்காலம் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தாத்தாவின் குரல். கூப்பிடுகிற தோரணையில் இல்லை, அக்கம்பக்கத்துக்காரனிடம் பேச்சுக் கொடுக்கிற தோரணையில் இருந்தது.

"ஏ தூ? ஆய் மோல்யே?"

இது லிப்ட்காரருக்குத் துல்லியமாகப் புரிந்தது. உனக்கு? உனக்கு மனைவி இருக்கிறாளா? இத்தனை நாளும் தன் வீட்டில் தினம் பேசுகிற குரல் யாருடையது என்றே தாத்தாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்குப் புருஷன் ஒருத்தன் இருக்கிறான் என்று சேதி சொன்ன யாரோ ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் திரையைப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஓ மோல்யே" என்றார் மெதுவாக. என்னிடம் மனைவி இருக்கிறாள்.

"பெயாத்தோ தே" என்றார் தாத்தா.

அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. பிற்பாடு பல் டாக்டரிடம் கேட்டபோது, "குடுத்து வச்சவன்பா நீ, அப்படின்னு அர்த்தம்" என்றார். அப்போது தெரியாததால், தெரிந்த மாதிரி "ஸீ, ஸீ" என்று சொல்லி வைத்தார். தாத்தா நிறுத்தவில்லை. மெல்லிய குரலில் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒருதடவை அழுத மாதிரியும் இருந்தது. லிப்ட்காரர் இடையிடையே "ஸீ" போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது இங்கே மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. பால்கனிக் கொடியில் வாரத்துத் துணி முழுக்கக் கிடந்தது. எழுந்து போனால் நாற்காலி கிறீச்சிடும், பால்கனிக் கதவு முனகும், அந்த நேரம் பார்த்துத் தாத்தா கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அவர் எழுந்திருக்கவில்லை. மழைச் சத்தம் அங்கே போகாமல் போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, துணிகள் ஒவ்வொன்றாகக் கனத்துத் தொங்குவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியும் எப்படியோ அவளுக்குக் கேட்டிருக்கிறது. கண்ணைத் திறக்காமலேயே, "என்னங்க சத்தம்?" என்றாள்.

"மழை. நீ தூங்கு."

"கொடியில துணி போட்டிருக்கேன்னீங்களே, எடுத்துட்டீங்களா?"

"அப்பவே எடுத்துட்டேன்" என்றார்.